சுகம் என்று சொல்ல வைத்தேன். ஆண்டவர் அவளைத் திருப்பித் தந்தார்

பிள்ளைகளே, அது புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் ஒரு லாரி நெல் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். செல்போன் அடித்தது. என் மனைவி அஞ்சலையோடு நடவுக்குப் போகிற நாகம்மா அக்கா பேசினார்.

"தம்பி, அஞ்சல அங்க வந்துச்சா?"

"இல்லியேக்கா. உங்களோட தான வயல்ல இருக்கும்?"

"இருந்துச்சு. நட்டுகினு இருக்கறப்பவே நாத்துக் கட்ட கீழ போட்டுட்டு கரையேறிப் போச்சு. தண்ணி குடிக்கப் போவுதுனு நெனச்சோம். முக்கா மணி நேரம் ஆவுது. போனு இங்க சோத்துக் கூடையிலயே கெடக்குது."

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

வயலில் இருந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் காணவில்லை என்றால் அதற்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூட இருந்தவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அஞ்சலை ஒன்றரை மாதமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தாள். அதை அவள் தலையில் ஏற்றிவிட்டவன் நான்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஞாயிறு பள்ளி டீச்சர்தான், "பெரியவங்க முன்னாடி சொன்னீங்க இல்லண்ணே, பசங்களுக்கும் எழுதிக் குடுங்க, அவங்களுக்குந்தான் தெரியணும்" என்று கேட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். கீர்த்தனா, ஆறாவது படிக்கிறாள். அவளுக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். பயமுறுத்தும் விஷயம்தான். கடைசி வரைக்கும் படியுங்கள்.

அஞ்சலையை உங்களுக்குத் தெரியும். சிங்கவரம் பக்கத்தில் நடவுக்கும் களை எடுக்கவும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் பதினெட்டுப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள் அவள். யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், முதலில் போய் நிற்பவள். நம் ஜெபவீட்டில் எந்தப் பெண்ணுக்குத் துக்கம் என்றாலும், "அஞ்சலக்காவைக் கூப்பிடு, தலைமேல கை வச்சி ஜெபம் பண்ணட்டும்" என்பார்கள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வயல்காரர் ஒருவர் என்னிடமே சொல்வார்: "அஞ்சல இருந்தா எனக்கு மிஷின் எதுக்குடா? உங்க ஆளுங்களுக்கு ஒடம்பே தனி. வெயிலு மழ எதுவும் ஏறாது." நம் காலனிக்காரர்களும் சும்மா இல்லை. "அஞ்சலையா? அது கருங்கல்லு" என்பார்கள். நம் பெண்களைப் பற்றி ஊரிலும் அப்படி, நம் வீட்டிலும் அப்படி. கறுத்த மேனி, வேலை செய்து இறுகிய கை, அதைப் பார்த்தவுடன் இவளுக்கு வலிக்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

போன வருடம் மாசியில் அவளுடைய தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். அஞ்சலை தன் கையால் தூக்கி வளர்த்த தங்கை. சாவு வீட்டில் அவளைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "நீ தைரியமா இருந்தாதான் உங்கம்மாவைத் தேத்த முடியும்" என்றார்கள். அவளும் இருந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாளே வயலில் இறங்கிவிட்டாள்.

பிறகு வைகாசியில் அது ஆரம்பித்தது. செஞ்சி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். வியர்த்துக் கொட்டியது. "நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்குதுங்க. நான் சாகப் போறேன்" என்றாள். அவள் விரல் நகம் என் கையில் பதிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கே இருந்த ஒருவர், "வயக்காட்டு ஒடம்பு, கட்ட மாதிரி இருக்கற, உனக்கு இன்னா வியாதி வரப்போவுது? வூட்டுக்குப் போ" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

ஆனால் அது மறுபடியும் வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை. தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கை நடுங்கியது. கடைசியில் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் விசாரித்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவு என்று போர்டு இருந்தது. உள்ளே போகும்போது அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அங்கே மாத்திரை கொடுத்தார்கள். மெதுவாகத்தான் கேட்கும், தாங்கள் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்றார்கள். ஆறாவது வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். ஒரு நாள் கீர்த்தனாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் செய்தேன்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

நம் ஜெபவீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி ஞாயிறு. நன்மை பெற்றவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொல்வோம். நான் அஞ்சலையிடம், "நீ எழுந்து சொல்லணும்" என்றேன்.

"இன்னும் முழுசா சரியாவலியே. மாத்திர சாப்ட்டுகினு தான இருக்கறேன்."

"விசுவாசத்துல சொல்லு. வாயால அறிக்க பண்ணா அது நடந்துடும்."

"மாத்திர போட்டுகினே சொகமாயிட்டேன்னு சொன்னா அது பொய்ச் சாட்சி ஆவாதா?"

நேர்மையான கேள்வி. கர்த்தருக்குப் பயந்தவள் கேட்கிற கேள்வி. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அப்படியென்றால் அவசரப்படாதே, இன்னும் சரியாகவில்லை என்றே இரு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதோ, "அப்ப மாத்திரய நிறுத்திடு. சாட்சி உண்மையாயிடும்."

என் வாயால் சொன்னேன், பிள்ளைகளே. சாட்சியை உண்மையாக்குவதற்காக என் மனைவியின் மருந்தை நிறுத்தினேன்.

ஆவணி முதல் ஞாயிறு. அஞ்சலை மைக்கைப் பிடித்து, "தேவன் என்னை முழுசா சொகமாக்கிட்டார். மாத்திரையும் விட்டுட்டேன்" என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து, பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. பிறகு பயம் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. இந்தத் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? சபை முன்னால் சுகம் என்று சொல்லியாகிவிட்டது. இல்லை என்றால் ஆண்டவரைப் பொய்யராக்கியது போல ஆகிவிடும் என்று நினைத்தாள். அதோடு, அவள் சாட்சியைக் கேட்ட பெண்கள் எல்லோரும், "அக்கா, உனக்குக் கெடச்ச விசுவாசம் எங்களுக்கும் வேணும்" என்று தங்கள் துக்கத்தை எல்லாம் கொண்டுவந்து அவளிடம் இறக்கினார்கள். சாயங்காலம் வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவள் நடுங்குகிற கையை அவர்கள் தலைமேல் வைத்து ஜெபிப்பாள். அந்த நடுக்கத்தை அவர்கள் ஆவியானவரின் அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். அவள் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், சோறு அப்படியே காய்ந்துபோகும். கீர்த்தனாதான் ஒரு நாள், "நைனா, அம்மாவை நான் கூப்ட்டா அதுக்குக் கேக்கவே மாட்டேங்குது" என்றாள். "அம்மா ஜெபத்துல இருக்குது, தொந்தரவு பண்ணாத" என்றேன். அஞ்சலையிடம் போய், "நல்லா தான இருக்கற?" என்று கேட்டேன். அவள், "நல்லா இருக்கறேன்" என்றாள். எனக்கு வேண்டிய பதில் அதுதான். அதை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போனேன்.

இப்போது தெரிகிறதா, அந்தப் புதன்கிழமை நான் ஏன் அப்படி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன் என்று?

மொபெட்டை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். வழியில் எதிரே வந்த சேலை ஒவ்வொன்றும் அவளாகத் தெரிந்தது. வயல் கரையில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அவள் விட்டுப்போன இடத்தில் பாதி வரிசை நாற்று நட்டபடி நின்றது. மீதி நாற்றுக் கட்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியலியே தம்பி. குனிஞ்சிகினு இருந்தோமே" என்று நாகம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "தெனம் சிரிச்சிகினு தான இருந்துச்சு பாவி!"

நான் கிணறு கிணறாக ஓடினேன். பிள்ளைகளே, கிணற்றின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியை என்னால் எழுத முடியவில்லை. முதல் கிணற்றில் தண்ணீர் மட்டும் இருந்தது. இரண்டாவது கிணற்றில் ஒரு புறா படபடவென்று பறந்தது, நான் கத்திவிட்டேன். மூன்றாவது கிணற்றுக்குப் போகும்போது பார்க்கத் தைரியம் வரவில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் சத்தமாக ஜெபிக்கிறவன். என் சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்று கேலி செய்வீர்கள். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஆண்டவரே, அவ பொய் சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். என்னைக் கணக்குல வைங்க, அவள வைக்காதீங்க. அவ எங்க இருந்தாலும் யாராவது ஒருத்தர் அவளைப் பாக்கணும். உனக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கணும். நான் கேக்கல. எங்க சபையில யாரும் கேக்கல. வேற யாரையாவது கேக்க வைங்க ஆண்டவரே."

அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொல்லக்கூட இல்லை. மூன்றாவது கிணற்றையும் பார்த்தேன். இல்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்க மனம் வரவில்லை. போலீஸ்காரர் பேசுவாரோ, என்ன சொல்வாரோ என்று விரல் நகரவில்லை. அடித்து நின்றுவிட்டது. மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"அஞ்சல வூட்டுக்காரனா?" ஒரு பெண் குரல். அதட்டுகிற குரல்.

"ஆமாம்மா. அவ..."

"உசுரோட தான் இருக்குது. மொதல்ல மூச்ச வுடு. ஏரிக்கரையில நூறு நாள் வேல செய்யறவங்க நாங்க. உன் பொண்டாட்டி எங்க கூட தான் குந்திகினு இருக்குது. உன் நம்பர அதுதான் சொல்லிச்சு. ஏய்யா, ஒரு தபா அடிச்சா போன எடுக்க மாட்டியா? நீ இன்னா பெரிய கலெக்டரா?"

நான் அழுதேன். அந்த அம்மா திட்டத் திட்ட அழுதேன்.

"அழுதது போதும், வண்டிய எடு. வெறுங்கையோட வராத. ஒரு டீ வாங்கியா, சக்கர தூக்கலா. அது கை சில்லுனு இருக்குது."

டீ வாங்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் கொட்டிவிட்டது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் மண்வெட்டியும் கூடையும் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலை. முழங்கால் வரை வயல் சேறு காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. அவள் பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு பெண். போனில் பேசிய தனலட்சுமி அம்மா அவர்தான். அஞ்சலையின் முந்தானையையும் தன் முந்தானையையும் சேர்த்து ஒரு பெரிய முடிச்சுப் போட்டிருந்தார்.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இது எழுந்து ஓடுனா நானும் கூட ஓடணும். இந்த ஒடம்ப வச்சிகினு என்னால ஓட முடியுமா? அதான் கட்டிப்போட்டுட்டேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சலையின் உதட்டிலும் ஏதோ ஓர் அசைவு வந்தது.

நடந்ததைத் தனலட்சுமி அம்மாதான் சொன்னார். வருகைப் பதிவுக்காக, வேலைக்கு வந்தவர்களைப் போட்டோ எடுக்கக் கூப்பிட்ட நேரமாம். எல்லோரும் எழுந்து போகும்போது, சேற்றுக் காலோடு ஒரு பெண் கரைமேல் நடந்து வந்தாளாம். "இன்னாமா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டாராம். அஞ்சலை வழக்கம்போல, "ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருக்கறேன்" என்றாளாம்.

"நானு விடல. நல்லா இருக்கறவ நடவ பாதியில போட்டுட்டு ஏரிக்கு இன்னா பண்ண வந்த? சொல்லு, இன்னா ஆச்சு உனக்குனு மறுபடியும் கேட்டேன். அப்பதான் என் தோள்ல சாஞ்சி ஒரே அழுவ. அப்பா! அத்தினி நாளு எங்கதான் அடக்கி வச்சிருந்துச்சோ. போட்டோவும் போச்சு, இன்னிக்கி கூலியும் போச்சு. போனா போவுது."

இன்னா ஆச்சு உனக்கு? நான் மோட்டார் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரிடம் கேட்ட அதே வார்த்தை. நான் கடிகாரம் பார்த்து ஜெபிக்கவில்லை. எது முந்தி எது பிந்தி என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைத் தற்செயல் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. எங்கள் சபையில் அறுபது பேர் இருக்கிறோம். ஒருவரும் கேட்காததை, நம் ஜெபவீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருவரைக் கொண்டு அவர் கேட்க வைத்தார்.

அவள் எதற்காக ஏரிக்குப் போனாள் என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. இனிமேல் உயிரோடு இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது அவள் கெட்டவள் என்பதால் அல்ல. விசுவாசம் இல்லாதவள் என்பதாலும் அல்ல. அது ஒரு நோய். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுவதுபோல, அந்த நோய் வந்தால் மனது அப்படிச் சொல்லும். மருந்து இருக்கிறது. கூட ஆள் வேண்டும்.

அன்றைக்கே விழுப்புரம் பஸ் ஏறினோம். தனலட்சுமி அம்மாவும் கூடவே வந்தார், சேற்று மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு. கீர்த்தனாவைப் பாஸ்டர் ஐயா வீட்டில் விட்டேன். டாக்டரம்மா சின்ன வயசுதான். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அஞ்சலை என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலை குனிந்தாள். "நான்தாம்மா" என்றேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அஞ்சலையிடம், "உங்களுக்கு மனசுக்குக் கஷ்டம்னா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் எங்கிட்டதாங்க சொல்லுவாங்க" என்றாள்.

மூட்டை தூக்குகிற எங்களுக்கு ஒரு முறை உண்டு. நூறு கிலோ மூட்டையை எவ்வளவு பெரிய பலசாலியும் தரையிலிருந்து தானே எடுத்துத் தோளில் வைக்கமாட்டான். இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். இறக்கும்போதும் ஆள் வருவான். இருபது வருடமாக நான் அந்த வேலை செய்கிறேன். என் வீட்டில் ஒருத்திக்குக் கைகொடுக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

எட்டு நாள் வார்டில் இருந்தோம். ஒவ்வொரு நாளும் பயந்தேன். அவள் கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடம் ஆனாலும் வாசலில் போய் நின்று, "அஞ்சல, அஞ்சல" என்று கூப்பிடுவேன். "இருக்கறேன்யா, சும்மா கத்தாத" என்பாள். அந்த எரிச்சலான குரல் எனக்குத் தேனாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் பாஸ்டர் ஐயாவிடம் போனேன். "சபை முன்னாடி சொன்னதை சபை முன்னாடியே திருத்தணும் ஐயா" என்றேன். அவர் தயங்கினார். "சாட்சிய வாபஸ் வாங்குனா புதுசா வந்தவங்க இடறிப்போவ மாட்டாங்களா?" என்றார்.

"அவ செத்துப்போயிருந்தா இன்னா சாட்சி சொல்லியிருப்போம் ஐயா?"

ஐயா கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "அன்னிக்கி மொதல்ல கைதட்டுனது நான்தான்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

ஐப்பசி முதல் ஞாயிறு நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். சட்டை முழுவதும் வியர்வை. மூட்டை தூக்கும்போது கூட அப்படி வியர்த்ததில்லை. அஞ்சலையும் எழுந்து பக்கத்தில் நின்றாள். "எனக்கு இன்னும் சரியாவல. எனக்குப் பயமா இருக்குது. மாத்திர சாப்பிடறேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றாள். நாலே வாக்கியம்.

யாரும் கைதட்டவில்லை. போச்சு, எல்லோரும் நம்மை வெறுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து நாகம்மா அக்கா எழுந்தார். "இந்தப் போகம் முடியற வரைக்கும் ஆளு சேக்கற வேல என்னுது. நீ கரையில குந்து. கோணலா நட்டா மட்டும் கத்தாத. உன் வாய்க்கு பயந்துகினே நான் இத்தினி வருசம் நேரா நட்டேன்." அஞ்சலை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சபை முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பெண்கள் போய் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அன்று அவள் தலைமேல் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ண முடியவில்லை.

அந்த வாரத்தில் நம் சபைச் சகோதரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேர் சொல்லமாட்டேன், இதை மட்டும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அஞ்சலையிடம் காட்டினார். அதே மாத்திரை. இரண்டு வருடமாக அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாராம். அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. "நான் ஒருத்திதான் இப்டினு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

இப்போது மாசி. எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. காலையில் உலை வைப்பது நான். குழைந்துபோனாலும் யாரும் குறை சொல்லக் கூடாது. அஞ்சலை வாரத்தில் நாலு நாள்தான் வயலுக்குப் போகிறாள். போன வாரம் அந்த வயல்காரர், "இன்னா அஞ்சல, நீயே இப்டி குந்திகினா எப்டி? உங்களுக்கெல்லாம் இரும்பு ஒடம்பாச்சே" என்றாராம். "இரும்பு இல்லீங்க, எனக்கும் சத தான், வலிக்கும்" என்றாளாம். சாயங்காலம் அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டாள். தனலட்சுமி அம்மா மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். ஜெபத்துக்கு உட்காரமாட்டார். டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுப் போவார். அவரை அனுப்பியது யார் என்று நான் அவரோடு வாதம் செய்வதில்லை. எனக்குத் தெரியும்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. போனில் நாகம்மா அக்கா பேர் வந்தால் இன்றைக்கும் பயந்துகொண்டேதான் எடுக்கிறேன். அஞ்சலைக்கும் சில நாள் பழையபடி வருகிறது. வந்தால், "வருதுங்க" என்று சொல்கிறாள். நான் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அது போகும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பயத்தோடுதான் ஜெபிக்கிறேன். பயத்தோடு ஜெபித்தாலும் அவர் கேட்கிறார் என்று மூன்றாவது கிணற்றுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் அம்மாவைப் பாருங்கள். அக்காவைப் பாருங்கள். "நல்லா இருக்கறேன்" என்று சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் அதை நீங்களே சுமக்காதீர்கள். அது பிள்ளைகள் தூக்குகிற மூட்டை அல்ல. ஓடிவந்து என்னிடம் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள், நீங்கள் நம்புகிற எந்தப் பெரியவரிடமாவது சொல்லுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போங்கள். உங்களில் கறுப்பாக, தெம்பாக இருக்கிற பெண் பிள்ளைகளே, உனக்கென்ன, நீ ஸ்ட்ராங் என்று யாராவது பெஞ்சைத் தூக்கச் சொன்னால், கை வலித்தால், வலிக்கிறது என்று சொல்லுங்கள். நம் ஆண்டவர் நம்மிடம் வீரம் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கூப்பிட்டால் போதும், வருகிறார். எனக்கு வந்தார். நம்பிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இதை எழுதி முடித்து அஞ்சலையிடம் வாசித்துக் காட்டினேன். கடைசியில், "இப்படியாக கர்த்தர் என் மனைவிக்குப் பூரண சுகம் கொடுத்தார்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பழக்கம் விடவில்லை.

"அத அடி" என்றாள்.

"ஏன்?"

"இன்னும் ஆவல. திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா நீ?"

அடித்துவிட்டேன். "அப்ப இன்னா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதினாள். கீழே இருப்பது அவள் எழுதியதுதான். நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

இன்னிக்கி இருக்கறேன். ஸ்தோத்திரம். அஞ்சலை.